கேம் கன்சோல் வயரை ரிசீவர்ல சொருகவா, டிவிலயா?

கோலாலம்பூர் லோயாட்ல பிஎஸ்5 வாங்கிட்டு வீட்டுல பழைய ரிசீவர் (ஸ்பீக்கருக்கெல்லாம் சவுண்டு பிரிச்சு அனுப்புற பெட்டி) வச்சிருக்கிற நம்மாளுங்க நிறைய பேர் கேக்கிறது இதுதான், கன்சோலை ரிசீவர்ல சொருகி அங்கருந்து டிவிக்கு போறதா, இல்ல நேரா டிவில சொருகிட்டு சவுண்டை மட்டும் இ-ஆர்க் (டிவிலருந்து எச்டிஎம்ஐ வயர்லயே சவுண்டை திருப்பி அனுப்புற வசதி) வழியா ரிசீவருக்கு அனுப்புறதா.

படம்:
ரிசீவர் வழி – எச்டிஎம்ஐ 2.0 ரிசீவர்னா 4கே 60 ஹெர்ட்ஸோட (செகண்டுக்கு 60 படம்) நின்னுரும்.
டிவி வழி – 120 ஹெர்ட்ஸ் டிவில அதை தாங்குற எச்டிஎம்ஐ 2.1 போர்ட் இருந்தா 4கே 120 ஹெர்ட்ஸ்.

சவுண்டு:
ரிசீவர் வழி – 5.1, 7.1 (சுத்தி வைக்கிற ஸ்பீக்கர் கணக்கு) பிசிஎம், அதாவது சுருக்காத சவுண்டு, அப்படியே முழுசா வரும்.
டிவி வழி – டிவி, ரிசீவர் ரெண்டுலயும் இ-ஆர்க் இருந்தா அதே சவுண்டு. வெறும் ஆர்க்னா (இ-ஆர்க்கோட பழைய வடிவம்) பிசிஎம் ஸ்டீரியோதான், பிஎஸ்5 செட்டிங்ல டால்பி இல்லன்னா டிடிஎஸ்னு (சுருக்கி அனுப்புற சவுண்டு வகைங்க) மாத்தினாதான் 5.1 வரும். நின்டெண்டோ ஸ்விட்ச்காரங்க பாடு கஷ்டம், அது சரவுண்டை பிசிஎம்மா மட்டும்தான் அனுப்பும், அதனால ஆர்க்ல பெரும்பாலும் பின்னாடி ஸ்பீக்கர் வாயே திறக்காது.

செலவு: 2.1 ரிசீவர் ரிங்கிட்டை நல்லாவே கறக்கும், டிவி வழிக்கு அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள் ஒண்ணு போதும்.

பழைய ரிசீவர், 60 ஹெர்ட்ஸ் டிவி, இல்ல ஸ்விட்ச்தான் முக்கியம்னா ரிசீவர்லயே சொருகுங்க. 120 ஹெர்ட்ஸ் டிவியும் ரெண்டு பக்கம் இ-ஆர்க்கும் இருந்தா கண்ண மூடிட்டு டிவிதான், ஆனா போர்ட் பக்கத்துல எழுதியிருக்கிறதை முதல்ல பாருங்க, சில டிவில 120 ஹெர்ட்ஸ் போர்ட் ரெண்டுதான் இருக்கும், அதுல ஒண்ணே இ-ஆர்க் போர்ட்டாவும் இருக்கும், அப்ப ரிசீவர் ஒண்ணை எடுத்துக்கிட்டா கன்சோலுக்கு மிச்சம் ஒண்ணுதான்.