கவுச் டு ஃபைவ் கே: 9 வாரத் திட்டத்தை நான் 13 வாரத்தில் முடித்த கதை

எனக்கு 44 வயது. கணக்கு எழுதும் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது சாயங்காலம்தான். ஓட ஆரம்பிப்பது எனக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் முடிந்தது. முதல் நாளே மூச்சு முட்டும்வரை ஓடுவேன். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாலாவது நாள் ஷூ அலமாரிக்கு அடியில் போய்விடும். ஓட்டம் என் உடம்புக்கு ஒத்துவராது என்று முடிவே கட்டியிருந்தேன். அந்த முடிவை இந்தத் திட்டம் மாற்றியது. அதனால் இதில் எனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

திட்டத்தின் பெயர் கவுச் டு ஃபைவ் கே. சோபாவில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி 5 கிலோமீட்டர் ஓட வைப்பது என்று அர்த்தம். ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் தன் அம்மாவை மனதில் வைத்து உருவாக்கியது. பிறகு உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.கூட இதைத் தன் பெயரில் ஒரு செயலியாகத் தருகிறது. வாரத்துக்கு 3 நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு, மொத்தம் 9 வாரம். ஒவ்வொரு நாளும் முதல் 5 நிமிடம் வேக நடை, கடைசி 5 நிமிடம் மெதுவான நடை. இவை இரண்டுக்கும் நடுவில் ஓட்டமும் நடையும் மாறி மாறி வரும். வாரம் போகப் போக ஓட்டம் நீளும், நடை குறையும், கடைசியில் நடையே இருக்காது.

முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி 20 நிமிடம். படித்தபோது ‘ஒரு நிமிஷம்தானே’ என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் மூன்றாவது சுற்றிலேயே காதுக்குள் என் மூச்சுச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஐந்தாவது சுற்றில் வலது விலாவில் சுருக்கென்று பிடித்தது. ‘நடக்கவும்’ என்று செயலி சொன்னதும் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நடந்தேன். 90 விநாடி போனதே தெரியவில்லை, அதற்குள் மறுபடி ‘ஓடவும்’. எட்டாவது சுற்று முடிந்ததும் மைதானத்து ஓரத் திண்டில் உட்கார்ந்து மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். 8 நிமிடம் ஓடியிருந்தேன். முந்தைய இரண்டு முறையும் ஒரே மூச்சில் ஓடி நான் நின்றுபோனது 3 நிமிடத்துக்குள். இன்றைக்கு 8 நிமிடம், அதுவும் மறுநாள் படியிறங்க முடிகிற காலோடு. வித்தியாசம் அந்த 90 விநாடி நடையில்தான் இருந்தது. நடையை ஓட்டத்தில் தோற்றதற்கு அடையாளமாக நினைப்பவர்கள் நிறைய பேர், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தத் திட்டம் அதை ஓட்டத்தின் பாதி வேலையாக வைத்திருக்கிறது. அதற்காகவே கிளார்க்குக்கு மனதாரக் கும்பிடு போடுகிறேன்.

இனி குறைக்கு வருகிறேன். எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று திட்டத்தின் அட்டவணை விநாடிக் கணக்கில் சொல்கிறது. எவ்வளவு வேகத்தில் என்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை. புதிதாக வருபவர்கள் விழுகிற பள்ளம் இதுதான். 60 விநாடிதானே என்று பேருந்தைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடிவிடுகிறோம். முதல் வாரம் பூராவும் நான் செய்தது அதைத்தான். இரண்டாவது வாரம் என் மகள் கூட வந்தாள். கொஞ்ச தூரம் பக்கத்திலேயே ஓடிவிட்டு, “அம்மா, நீங்க எங்கிட்ட பேசவே மாட்டேங்கறீங்க” என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தைகூட வரவில்லை. “அப்போ இது ரொம்ப வேகம்மா. பேச வர்ற அளவுக்குக் குறைங்க” என்றாள். குறைத்தேன். நடப்பதைவிட ஒரு மயிரிழைதான் வேகம், பாதம் தரையிலிருந்து சற்றே எழும்பி இறங்குகிற அளவு. எதிரே வந்த ஒரு பெரியவர் வேக நடையிலேயே என்னைத் தாண்டிப் போனார். அந்த வேகத்தில்தான் எனக்கு முழு வாக்கியமாகப் பேச்சு வந்தது, விலாப் பிடிப்பும் அன்றோடு போனது. ஓடும்போது ஒரு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். கடிகாரமும் இதயத் துடிப்புப் பட்டையும் இல்லாதவர்களுக்கு இதைவிட நம்பகமான அளவுகோலை நான் பார்க்கவில்லை.

அடுத்தது என் தொழில் புத்தி கண்டுபிடித்தது. எல்லோரும் பயப்படுவது ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாளுக்கு. அன்றைக்கு முதல் முறையாக நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓட வேண்டும். அதற்கு முந்தைய ஓட்டத்தில் அதிகபட்சம் 8 நிமிடம்தான் சேர்ந்தாற்போல் ஓடியிருப்போம், அதனால் 8இலிருந்து 20க்குத் தாவுகிற மாதிரி தெரிகிறது. நான் ஒரு தாளில் ஒவ்வொரு நாளும் மொத்தம் எத்தனை நிமிடம் ஓடுகிறோம் என்று எழுதிக் கூட்டினேன். முதல் வாரம் 8. இரண்டாவது வாரம் சுமார் 9. மூன்றாவது வாரமும் 9தான், ஓட்டத் துண்டுகள்தான் நீளம். நான்காவது வாரம்? 3, 5, 3, 5 என்று நான்கு துண்டு, கூட்டினால் 16. ஐந்தாவது வாரம் 15, 16, 20.

ஆக, பெரிய தாவல் 9இலிருந்து 16க்கு. நான்காவது வாரத்தின் முதல் நாளிலேயே அது வந்துவிடுகிறது, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எனக்கு அடிபட்டதும் சரியாக அந்த நாளில்தான்.

கடைசி 5 நிமிடத் துண்டில் இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், எலும்பின் உள்விளிம்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு வலி. மூச்சு நன்றாகவே இருந்தது. அதனால்தான் ஓட்டத்தை நிறுத்தாமல் முடித்தேன். அது தப்பு. இரவு படுக்கையில் அந்த இடத்தை விரலால் அழுத்தினால் கண்ணில் நீர் வந்தது. ஷின் ஸ்பிளிண்ட் என்று சொல்வார்கள், புதிதாக ஓடுபவர்களுக்குச் சகஜமாக வருவது. மருத்துவரிடம் காட்டினேன். எலும்பின் ஒரே புள்ளியில் குத்தவில்லை, நீளவாக்கில் பரவித்தான் வலிக்கிறது, நடக்கும்போது வலி இல்லை என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஓய்வு போதும் என்றார். ஒரே புள்ளியில் கூர்மையாக வலித்தாலோ, சும்மா இருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் இருக்கக்கூடும், அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார்.

காரணமும் அவர் வாயால் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இதயமும் நுரையீரலும் சில வாரத்திலேயே பழகிவிடுகின்றன. எலும்பும் குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிற தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ‘போ, போ’ என்கிறது, எலும்பு இன்னும் தயாராகவில்லை. மூச்சை நம்பி ஓடினால் காலில் வாங்குவோம். சதை வலி வேறு: இரண்டு காலிலும் சமமாக, மந்தமாக வரும், ஓடிய ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அந்த வாரம் மிச்ச ஓட்டத்தை விட்டேன். அடுத்த வாரம் முழுக்க வெறும் நடை. அதற்கடுத்து மூன்றாம் வாரத்தை மறுபடி செய்தேன். பிறகு நானாகவே ஒரு வாரத்தை நடுவில் செருகினேன்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, நான்கு முறை. மொத்தம் 12 நிமிடம், 9க்கும் 16க்கும் நடுவில் ஒரு படி. அதற்குப் பிறகு நான்காவது வாரத்துக்குப் போனபோது கால் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இப்படித்தான் 9 வாரம் 13 ஆனது. 40 வயதைத் தாண்டியவர்கள், எடை கூடுதலாக இருப்பவர்கள், பல வருடமாக உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் இந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டு போகும்படி நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எந்த வாரத்தையும் திரும்பச் செய்யத் தடையில்லை. ஆனால் செயலியில் 9 கட்டங்கள் வரிசையாக நிற்கும்போது, ஒரு கட்டத்தில் இரண்டு முறை நிற்பது ஏதோ பரீட்சையில் தேறாதது போலத் தோன்றிவிடுகிறது.

அந்தப் புகழ்பெற்ற 20 நிமிட நாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை. மைதானத்தில் ஒரு சுற்று முடிய எனக்குக் கிட்டத்தட்ட மூன்றரை நிமிடம் ஆகும், ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் இரண்டு சுற்று மோசம். கால் கல்லாக இருந்தது, நிறுத்திவிடலாம் என்று வேலியோரம் இருந்த ஒவ்வொரு மரத்தடியிலும் தோன்றியது. மூன்றாவது சுற்றின் நடுவில் எங்கோ மூச்சு தானாக ஒரு தாளத்தில் விழுந்தது: மூன்று காலடிக்கு உள்ளே, மூன்று காலடிக்கு வெளியே. அதன் பிறகு நான் மரங்களைப் பார்க்கவே இல்லை. ‘பாதி தூரம் வந்துவிட்டீர்கள்’ என்று குரல் வந்தபோது, இன்னும் பாதிதானா என்றுதான் நினைத்தேன். முடிந்ததும் அழுதேன். 44 வருடத்தில் என் உடம்பு சேர்ந்தாற்போல 20 நிமிடம் ஓடியது அன்றைக்குத்தான்.

பெயரில் இருக்கிற ‘ஃபைவ் கே’ பற்றி ஒரு திருத்தம். கடைசி வாரத்தில் நீங்கள் ஓடப்போவது 30 நிமிடம். 30 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் ஆக வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் வேண்டும். ஆரம்பக்காரர்கள் பலருக்கு அது எட்டாத வேகம். என் கடைசி நாள் ஓட்டம் 3.6 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 20 விநாடி. திட்டத்தை முடித்தும் 5 கிலோமீட்டர் வரவில்லையே என்று மனம் உடைந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இது திட்டத்தின் பெயர் செய்கிற பிழை, உங்கள் பிழை இல்லை. 5 கிலோமீட்டருக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள். நான் வாரத்தில் ஒரே ஒரு ஓட்டத்தில் மட்டும் 2 நிமிடம் சேர்த்துக்கொண்டே போனேன். ஆறாவது வாரம் 42 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் தாண்டியது, வேகம் அதே வேகம்.

சாமான் விஷயம் சுருக்கமாக. முதலில் நான் இறக்கிய செயலி திரை அணைந்தால் குரலையும் நிறுத்திவிடும், இரண்டு முறை அதனால் கணக்கு தப்பியது. அதை நீக்கிவிட்டு வேறொன்று போட்டேன். எந்தச் செயலியானாலும் திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம் சோதித்துவிட்டு வெளியே போங்கள். செயலியே வேண்டாம் என்றால் விநாடி முள் இருக்கிற எந்தக் கடிகாரமும் போதும். ஷூ மட்டும் ஓடுவதற்கென்றே செய்ததாக இருக்கட்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், ஓடும்போது பாதம் வீங்கும். சாயங்காலம் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. விலையும் நிறமும் பார்த்து வாங்காதீர்கள், போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு தப்படி ஓடிப் பாருங்கள்.

நடையை முழுக்க விட மனமில்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே, 1974இலிருந்து ஓட்டம்-நடை-ஓட்டம் என்ற முறையைச் சொல்லிக்கொடுத்தார். அதில் நடை கடைசிவரை இருக்கும், மாரத்தான் ஓடினாலும் இருக்கும். மூட்டுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது இன்னும் இதமாக இருக்கும் என்பது என் எண்ணம். நான் கவுச் டு ஃபைவ் கேயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒரு தடவையாவது நிற்காமல் ஓடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது நான்காவது வாரத்துக்காகவும் வேகத்தைப் பற்றிய மௌனத்துக்காகவும்.

இப்போது என் அக்காவும் ஆரம்பித்திருக்கிறாள். 56 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், அதனால் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். நானும் கூடவே முதல் வாரத்திலிருந்து ஓடுகிறேன். நேற்று இரண்டாவது நாள். ஆறாவது சுற்றில், “ஏய், இன்னும் எத்தனை செகண்டுடி?” என்று கேட்டாள். “இருபதுக்கா” என்றேன். “இருபதா? சரி, அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன் கேளு” என்று ஏதோ கல்யாணப் பேச்சை ஆரம்பித்தாள். கதை முடிவதற்குள் நடை வந்துவிட்டது. மூச்சு அறுபடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். வேகம் சரியாகத்தான் இருக்கிறது.