ஐபோனா ஆண்ட்ராய்டா: தினம் கையில வச்சு ஓட்டுறதுக்கு எது சரி?

இந்த ரெண்டையும் ஒப்பிட உக்காந்தா பாதி பேர் நேரா கேமரா, சிப்பு, ஸ்கிரீன்னு போயிடுறாங்க. அதெல்லாம் போனோட சமாச்சாரம், ஓஎஸ்ஸோட, அதாவது போனை ஓட்டுற சாஃப்ட்வேரோட சமாச்சாரம் இல்ல. நாம தினமும் செய்யுறது என்ன, நோட்டிஃபிகேஷனை தள்ளுறது, டைப் பண்றது, பேக் போறது, எப்பவோ டவுன்லோடு பண்ணின பிடிஎஃப்பை தேடுறது, அலாரம் வைக்கிறது, இந்த மாதிரி சில்லறை வேலைங்கதான். இதுல எது படுத்துது எது படுத்தாம ஒத்து போகுதுன்னு பாக்குறதுதான் நியாயமான ஒப்பீடுன்னு எனக்கு படுது.

முதல்லயே ஒரு விஷயத்தை சொல்லிடுறேன். ஐபோன்ல ஓடுற ஐஓஎஸ்னா அது ஒண்ணுதான், 2007ல முதல் ஐபோன் வந்ததுல இருந்து ஆப்பிள் அதை வேற எந்த கம்பெனியோட போன்லயும் போட விட்டதில்ல. ஆண்ட்ராய்டு அப்படி இல்ல. 2005ல கூகுள் ஆண்ட்ராய்டுங்குற சின்ன கம்பெனியை வாங்குச்சு, 2008ல முதல் போன் வந்துச்சு, ஓப்பன் சோர்ஸ்ங்குறதால அவனவன் எடுத்து தன் இஷ்டத்துக்கு தச்சுக்கிட்டான். அதனால "ஆண்ட்ராய்டு லேக் அடிக்கும்"னு ஒருத்தர் சொல்றதும் "ஆண்ட்ராய்டு மாதிரி வராது"ன்னு இன்னொருத்தர் சொல்றதும் ரெண்டுமே உண்மையா இருக்கும், ஏன்னா அவங்க பேசுறது ரெண்டு வேற வேற சாஃப்ட்வேரை பத்தி. ஆண்ட்ராய்டுல சுதந்திரம் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் ஒத்துக்குறேன், ஆனா அந்த சுதந்திரம் முதல்ல போய் சேருறது போன் செய்யுற கம்பெனிக்கு, அவங்க அனுபவிச்சது போக மிச்சம்தான் நம்ம கைக்கு வருது. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

நோட்டிஃபிகேஷன்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா போன்ல நாம அதிகமா தொடுறதே அதைத்தான். இதுல ஆண்ட்ராய்டுக்கு போட்டியே இல்ல. 2017ல ஆண்ட்ராய்டு 8 வந்தப்போ நோட்டிஃபிகேஷனை வகை வகையா பிரிச்சுட்டாங்க. ஒரு ஷாப்பிங் ஆப் "இன்னைக்கு மட்டும் ஆஃபர்"னு கத்துச்சுன்னா அந்த நோட்டிஃபிகேஷன் மேலயே கொஞ்ச நேரம் விரலை அமுக்கி பிடிங்க, எந்த வகையில வந்திருக்குன்னு காட்டும், அதை மட்டும் ஆஃப் பண்ணிட்டு "உங்க பார்சல் கிளம்பிருச்சு"ங்குறதை ஆன்லயே விட்டுடலாம். (ஆப் செஞ்சவங்க ஒழுங்கா பிரிச்சு வச்சிருந்தாதான் இது, சில பேர் விளம்பரத்தையும் பார்சல் தகவலையும் வேணும்னே ஒரே வகையில போட்டு வைப்பாங்க, அது தனி அயோக்கியத்தனம்.) தெரியாம தள்ளி விட்டுட்டீங்கன்னா ஆண்ட்ராய்டு 11ல இருந்து நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி இருக்கு, முன்கூட்டியே ஆன் பண்ணி வச்சிருந்தா அங்க போய் பாத்துக்கலாம். மேல ஸ்டேட்டஸ் பார்ல சின்ன ஐகான் நிக்கும், என்ன காத்துக்கிட்டு இருக்குன்னு ஒரு பார்வையில தெரிஞ்சுடும்.

ஐபோன்ல லாக் ஸ்கிரீன்ல வந்து நிக்குறது, ஒரு தடவை அன்லாக் பண்ணிட்டா நோட்டிஃபிகேஷன் சென்டருக்குள்ள போயிடும், மேல ஐகான்னு ஒண்ணு கிடையாது, அப்புறம் நாமளா ஞாபகம் வச்சு இழுத்து பாத்தாதான் உண்டு. ஆப் வாரியா அடுக்குறதே 2018ல ஐஓஎஸ் 12லதான் வந்துச்சு. ஐகான் மேல சிவப்பா நம்பர் போடுறது ஒண்ணுதான் ஞாபகப்படுத்தும், அதுவும் நூறு இருநூறுன்னு ஏறிப்போனா யாரு பாக்குறா.

பேக் போறது. ஆண்ட்ராய்டு 10ல இருந்து இடது ஓரமோ வலது ஓரமோ எங்க இருந்து உள்ள தள்ளினாலும் பேக், எல்லா ஆப்லயும் அதேதான். ஐபோன்ல இடது ஓரத்துல இருந்து தள்ளணும், அது ஒரு சில இடத்துல வேலை செய்யும், சில இடத்துல மேல இடது மூலையில அம்புக்குறி இருக்கும், சில இடத்துல வலது மூலையில பெருக்கல் குறி இருக்கும், சில இடத்துல ஸ்கிரீனையே கீழ இழுத்து விடணும். பெரிய போனை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, அதுவும் வலது கையில, கட்டை விரலை அந்த மேல் மூலை வரைக்கும் நீட்டி பாருங்க தெரியும். ஆண்ட்ராய்டுலயும் இதுல ஒரு எரிச்சல் இருக்கு, போட்டோவை கிராப் பண்ண ஓரத்துல இருக்குற கோட்டை பிடிச்சு இழுத்தா அது பேக்னு நினைச்சுக்கிட்டு "மாற்றத்தை விட்டுடவா?"ன்னு கேக்கும். ஆனாலும் இது எப்பவாவது, அது எப்பவும்.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு இது முக்கியம். ஆண்ட்ராய்டுல கூகுளோட ஜிபோர்டு கீபோர்டு இருந்தா தமிழை இங்கிலீஷ் எழுத்துல எப்படி வேணா அடிச்சுட்டு போகலாம், மேல வர்ற வார்த்தைங்கள்ல சரியானதை தட்டிக்கலாம். ள எங்க, ல எங்கன்னு அது பாத்துக்கும். 2017ல இருந்து தமிழ்ல வாயால சொல்லியும் டைப் பண்ணலாம், சத்தம் இல்லாத இடத்துல நல்லாவே புரிஞ்சுக்குது. ஐபோன்லயும் தமிழ் கீபோர்டு 2013ல ஐஓஎஸ் 7லயே கூடவே வந்துடுச்சு, நேரா தமிழ் எழுத்தாவே அடிக்கிற தமிழ்99 ஒண்ணு, முத்து நெடுமாறன் உருவாக்கின, இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற அஞ்சல் முறை ஒண்ணு. அஞ்சல்ல கணக்கு தெளிவு: கேப்பிட்டல் எல் அடிச்சா ள, சின்ன எல் அடிச்சா ல, கேப்பிட்டல் என்னுக்கு ண. பழகிட்டா என்ன அடிக்கிறோமோ அதுதான் வரும், போனோட ஊகத்தை நம்பி இருக்க வேண்டியதில்ல, நீளமா எழுதுறவங்களுக்கு இதுதான் வேகம்னு கூட சொல்வேன். ஆனா பழகணும். வாட்ஸ்அப்ல நாலு வரி அடிக்கிறதுக்கு யாரும் கீபோர்டு பழக மாட்டாங்க, அந்த கூட்டத்துக்கு ஆண்ட்ராய்டுதான் சுலபம். வெளி கம்பெனியோட கீபோர்டு ஆப்பை 2014ல இருந்து ஐபோன்லயும் போட்டுக்கலாம், ஆனா பாஸ்வேர்டு அடிக்கிற இடம் வந்தா ஆப்பிள் தன்னோட கீபோர்டைத்தான் முன்னாடி கொண்டு வந்து நிறுத்தும். பாதுகாப்புக்குத்தான், தப்பு சொல்ல முடியாது.

இது வரைக்கும் ஆண்ட்ராய்டு பக்கம் தட்டு நல்லாவே சாஞ்சுடுச்சு, இப்போ அந்த "சுதந்திரம் யாருக்கு"ங்குற விஷயத்துக்கு வருவோம். போனை பாக்கெட்ல வச்சிருக்கீங்க, மெசேஜ் வரல, எடுத்து ஆப்பை தொறந்த உடனே பொலபொலன்னு ஒரு மணி நேர மெசேஜும் கொட்டுது. இது நெட் பிரச்சினைன்னு நினைச்சுக்கிட்டு இருக்குறவங்க நிறைய பேர். பல கம்பெனிங்க பேட்டரி ரொம்ப நேரம் நிக்குதுன்னு காட்டிக்க பின்னாடி ஓடுற ஆப்பையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு கொன்னுடுவாங்க, கூகுளோட விதியையும் தாண்டி. சரி பண்ணணும்னா அந்த ஆப்போட ஐகானை அமுக்கி பிடிச்சு ஆப் இன்ஃபோவுக்கு போய், பேட்டரியை தொறந்து, கட்டுப்பாடு இல்லன்னு மாத்தணும், சில போன்ல அதுக்கு மேல ஆட்டோஸ்டார்ட்னு தனியா ஒரு இடத்துல அனுமதி கொடுக்கணும், அது எங்க இருக்குன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும். ரீசென்ட்ஸ்ல, அதாவது தொறந்த ஆப்பெல்லாம் வரிசையா நிக்குற இடத்துல, ஒரு பூட்டு போடுற சமாச்சாரம் வேற. அலாரம் ஆப், ஸ்டெப் எண்ணுற ஆப், ஸ்மார்ட் வாட்ச் ஆப் எல்லாத்துக்கும் இதே கதை. விலை கம்மியான சில போன்ல செட்டிங்ஸ்க்குள்ளயும் ஃபைல் மேனேஜர்க்குள்ளயும் விளம்பரம் வருது பாருங்க, அதுவும் அவங்க சுதந்திரம்தான்.

ஐபோனும் பின்னாடி ஓட விடாது, சொல்லப்போனா இன்னும் கறார். பெரிய வீடியோவை அப்லோடு போட்டுட்டு வேற ஆப்புக்கு போனா பாதியில நின்னுடும், பல ஆப்ல ஸ்கிரீனை தொறந்து வச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். ஆனா அந்த விதி எல்லா ஐபோனுக்கும் ஒண்ணு, ஆப் எழுதுறவங்களுக்கும் அது தெரியும், அதுக்கு ஏத்த மாதிரி எழுதியிருப்பாங்க. மெசேஜ் நேரத்துக்கு வந்துடும்.

அப்டேட் விஷயத்துல ஊர்ல பேசிக்கிறதுல பாதி பழைய கதை. 2015ல வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021ல வந்த ஐஓஎஸ் 15 வரைக்கும் கிடைச்சுது, அந்த காலத்துல ஆண்ட்ராய்டுல இதை கனவு கூட காண முடியாது. இப்போ கூகுளோட பிக்சல் 8, சாம்சங்கோட கேலக்ஸி எஸ்24ல இருந்து 7 வருஷம்னு அந்த கம்பெனிங்களே சொல்லிட்டாங்க. அதுக்காக அதே கம்பெனியோட எல்லா போனுக்கும் 7 வருஷம்னு நினைச்சுடாதீங்க, மாடலுக்கு மாடல் மாறும், வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடல் பேரை போட்டு பாத்துக்கணும்.

இதுல யாரும் பேசாத இன்னொரு பக்கம் இருக்கு. ஆண்ட்ராய்டுல குரோம், கீபோர்டு, மெயில் எல்லாம் தனித்தனியா பிளே ஸ்டோர்ல அப்டேட் ஆகும், ஓஎஸ் பழசானாலும் அதெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். ஐபோன்ல சஃபாரி ஓஎஸ்ஸோட ஒட்டிக்கிட்டு இருக்குறதால ஓஎஸ் நின்னா சஃபாரியும் நின்னுடும். 2025 மே மாசத்துல வாட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1க்கு கீழ உள்ளதை கைவிட்டுடுச்சு, அது வந்தது 2021ல. அதே சமயம் ஆண்ட்ராய்டுல 2014ல வந்த 5.0 இருந்தாலே போதும்னு இருந்துச்சு. ஐஓஎஸ் 12லயே நின்னுபோன ஐபோன் 6 வச்சிருந்தவங்க அன்னைக்கு வாட்ஸ்அப்பை விட்டாங்க. ஆக ஐபோனுக்கு அப்டேட் நீளமா வருது, நிக்கும்போது பட்டுன்னு நிக்குது. ஆண்ட்ராய்டுக்கு சீக்கிரம் நின்னாலும் தேய்ஞ்சு தேய்ஞ்சு ஓடும், பாதுகாப்பு ஓட்டையோட ஓடுதுங்குறது வேற விஷயம்.

பிரைவசியில ஐபோனுக்கு ஒரு படி மேல போடுவேன். 2021ல ஐஓஎஸ் 14.5 வந்ததுல இருந்து மத்த ஆப்லயும் சைட்லயும் உங்களை துரத்தி வரணும்னா ஆப் உங்க கிட்ட கேக்கணும். கூகுளோட வருமானமே விளம்பரம்ங்குறப்போ அவங்க கிட்ட இதே வேகத்தை எதிர்பாக்க முடியாது. மைக், கேமரா ஓடுனா மேல புள்ளி காட்டுறது ரெண்டுலயும் வந்துடுச்சு.

அதை விட முக்கியமா நான் நினைக்கிறது ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நேரா போட்டுக்குற ஃபைல். ஆண்ட்ராய்டுல ஸ்டோர்க்கு வெளிய இருந்தும் ஆப் போட்டுக்கலாம், எனக்கு ரொம்ப பிடிச்ச வசதி அது. அதே வசதியைத்தான் மோசடிக்காரனும் பயன்படுத்துறான், கல்யாண பத்திரிகைன்னு ஒரு ஏபிகே, பேங்க்ல கேஒய்சி பண்ணணும்னு ஒரு ஏபிகே, வாட்ஸ்அப்ல வந்து விழும், விவரம் தெரியாதவங்க தட்டிக்கிட்டே போனா ஓடிபி எல்லாம் அவன் கைக்கு போயிடும். ஐபோன்ல ஐரோப்பிய யூனியன், ஜப்பான் மாதிரி சில இடத்தை தவிர மத்த இடத்துல சாதாரண ஆளுங்களுக்கு அந்த கதவே கிடையாது. ஐபோன்னா ஏமாறவே மாட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, போன்ல பேசி ஏமாத்துறவனுக்கு எந்த ஓஎஸ்ஸா இருந்தா என்ன, ஆனா இந்த ஒரு வழி அடைபட்டிருக்கு.

சின்ன சின்னதா இருக்குறதை வேகமா சொல்லிடுறேன். ஆண்ட்ராய்டுல ரிங், மீடியா, அலாரம் மூணுக்கும் தனித்தனி சத்தம், ஐபோன்ல ரிங்கை குறைச்சா அலாரமும் குறைஞ்சு போகும், காலையில எந்திரிக்காததுக்கு நல்ல சாக்கு. ஐபோன் அலாரத்துல ஸ்னூஸ் பல வருஷமா 9 நிமிஷம்தான், அதை மாத்த விட்டதே 2025ல வந்த ஐஓஎஸ் 26லதான். ஒரே ஸ்கிரீன்ல ரெண்டு ஆப் ஆண்ட்ராய்டுல 2016ல இருந்து இருக்கு, ஐபோன்ல கிடையாது. கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு ஃபோல்டரை இழுத்து போடுறது ஆண்ட்ராய்டுல சாதாரணம், ஐபோனை விண்டோஸ்ல சொருகினா போட்டோ வீடியோ மட்டும் கண்ணுக்கு தெரியும். ஓசியில கிடைக்கிற கிளவுடு கூகுள்ல 15 ஜிபி, ஐகிளவுடுல 5 ஜிபி, அந்த 5 ஜிபி போன் பேக்கப்புக்கே பத்தாது.

சரி, என் தீர்ப்பு. போன்ல வேலை செய்யுறவங்க, அதாவது ஃபைல் அனுப்பி, நாலு ஆப் மாத்தி மாத்தி, நாள் பூரா தமிழ்ல டைப் பண்றவங்கன்னா ஆண்ட்ராய்டு. ஆனா விளம்பரம் போடாத, ஆப்பை கொல்லாத கம்பெனியா பாத்து வாங்குங்க, அந்த தேர்வுல சொதப்பினா மேல சொன்ன எந்த வசதியும் ருசிக்காது. பெத்தவங்களுக்கு வாங்கித்தரணும், அதை நீங்கதான் தூரத்துல இருந்து பராமரிக்கணும்னா, உங்களால முடிஞ்சா ஐபோன். ஐஓஎஸ் 17ல இருந்து அசிஸ்டிவ் அக்சஸ்னு ஒரு மோடு இருக்கு, போன், மெசேஜ், கேமரான்னு நாலஞ்சு பெரிய கட்டத்தை மட்டும் வச்சு மத்ததை மறைச்சுடலாம். ஒரு சங்கடம், உங்க கையில ஆண்ட்ராய்டும் அவங்க கையில ஐபோனும் இருந்தா "மேல வலது பக்கம் என்ன தெரியுது"ன்னு போன்ல வழி சொல்லவே நாக்கு தள்ளிடும். அதனால வீட்ல யார் சந்தேகம் தீத்து வைக்கிறாங்களோ அவங்க வச்சிருக்குறதையே வாங்குறதும் ஒரு வழி.

மாறுறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா வாட்ஸ்அப்பை மட்டும் அசால்ட்டா விட்டுடாதீங்க. கூகுள் பேக்கப்பை ஐபோன் எடுக்காது, ஐகிளவுடு பேக்கப்பை ஆண்ட்ராய்டு எடுக்காது. ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு போறப்போ மூவ் டு ஐஓஎஸ் ஆப்பை வச்சு, புது ஐபோனை முதல் தடவை செட்டப் பண்ணும்போதே வாட்ஸ்அப்பையும் சேத்து டிக் பண்ணிடணும், "அப்புறம் பாத்துக்கலாம்"னு ஹோம் ஸ்கிரீனுக்கு போயிட்டீங்கன்னா ஐபோனை அழிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்துதான் வரணும். ஐபோனை விட்டு வெளிய வர்றவங்க பழைய போனை கை மாத்துறதுக்கு முன்னாடி ஐமெசேஜை (ஐபோன்காரங்களுக்குள்ள மெசேஜ் போற ஆப்பிளோட வழி) ஆஃப் பண்ணிட்டு சிம்மை கழட்டுங்க, இல்லன்னா மத்த ஐபோன்காரங்க அனுப்புற மெசேஜ் உங்க புது போனுக்கு வராம அங்கேயே போய் விழுந்துக்கிட்டு இருக்கும். தொலைஞ்ச போனை தேடுற ஃபைண்ட் மையையும் ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தா வாங்கினவர் உங்க பாஸ்வேர்டை கேட்டு போன் மேல போன் போட்டுக்கிட்டே இருப்பாரு.