எட்டுக் கணினிகள், 18,400 ரேண்டு: தள்ளுபடி விலையில் மென்பொருள் உரிமம் வாங்குவோர் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்று வட்டாரத்திலும் சிறு தொழில் நடத்தும் தமிழர்கள், குறிப்பாக அலுவலகக் கணினிகளுக்குத் தள்ளுபடி விலையில் விண்டோஸ், ஆபிஸ் உரிமம் வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைத் தயவுசெய்து படித்துவிடுங்கள். எங்கள் டியூஷன் மையத்தின் எட்டுக் கணினிகளுக்காக ஓர் இணையக் கடைக்குச் செலுத்திய 18,400 ரேண்டு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. காவல் நிலையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. மென்பொருளைச் செயல்படுத்தும் எழுத்துத் தொடரான லைசன்ஸ் கீ மட்டுமே விற்கும், தென்னாப்பிரிக்க இணைய முகவரி கொண்ட, வாட்ஸ்அப்பில் மட்டுமே பேசும் கடை அது. வேறு யாரும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

சாட்ஸ்வொர்த்தில் நானும் என் கணவரும் பத்தாம் வகுப்பு முதல் மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்புகள் நடத்துகிறோம். 'கேட்' என்று பிள்ளைகள் அழைக்கும் கணினிப் பயன்பாட்டுத் தொழில்நுட்பப் பாடத்துக்குத்தான் எங்களிடம் அதிகம் பேர் வருகிறார்கள். அந்தப் பாடத்தின் செய்முறைத் தேர்வில் வேர்ட், எக்ஸெல் ஆகியவற்றோடு தரவுத்தளங்களைக் கையாளும் ஆக்சஸும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆபிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் அதே நாள்தான். எங்களுடைய பழைய கணினிகளில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாததால் அவை விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. ஆகவே இங்கே ஜூன், ஜூலையில் வரும் குளிர்கால விடுமுறையில் எட்டுக் கணினிகளைப் புதிதாக அசெம்பிள் செய்தோம். சேமிப்பில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிட்டது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிறு தொழில் ஆபிஸ் பதிப்பில் ஆக்சஸ் இருப்பதில்லை என்பதால், ஆக்சஸும் சேர்ந்த புரொஃபெஷனல் பிளஸ் 2021 பதிப்பை விண்டோஸ் 11 புரோவுடன் சேர்த்து ஒரு கணினிக்கு 2,000 ரேண்டு, வாட் (மதிப்புக் கூட்டு வரி) தனி, என்று அந்தக் கடை விளம்பரம் செய்திருந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிந்தது.

விலை குறைவாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கேட்டேன். அப்போது கடைக்காரரே அழைத்தார். "வணக்கம்க்கா, நீங்க தமிழா? பேரைப் பார்த்ததுமே நினைச்சேன்" என்று தொடங்கினார். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்களில் இன்று வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்ட இந்த ஊரில், திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு, வியாபார விஷயத்தை ஒருவர் தமிழில் விளக்கிச் சொன்னது எத்தனை நம்பிக்கை தந்திருக்கும் என்பதை இங்கு வாழ்பவர்கள் அறிவார்கள். அதை அவரும் நன்றாக அறிந்திருந்தார் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. "எல்லாம் ஒரிஜினல்க்கா. பெரிய கம்பெனிங்க மொத்தமா வாங்கி மிச்சம் வச்ச லைசன்ஸ், அதனாலதான் இந்த விலை. ஐரோப்பாவுல கோர்ட்டே இது சரின்னு சொல்லியிருக்கு. ஒன்னு வேலை செய்யலைன்னாலும் வேற கீ தர்றேன், இல்லைன்னா காசைத் திருப்பித் தர்றேன். பிள்ளைங்க படிக்கிற இடத்துல நான் ஏமாத்துவேனா அக்கா?" இதே சொற்கள்தான், குரல் பதிவாகவும் அனுப்பியிருந்தார், இன்னும் என்னிடம் இருக்கிறது.

இணையதளத்தில் கார்டு மூலம் பணம் கட்டும் பகுதி பிழை காட்டியது. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் அன்றே கீ வந்துவிடும் என்றார். 16,000 ரேண்டு விலை, 15 சதவீத வாட் 2,400 ரேண்டு, மொத்தம் 18,400 ரேண்டு என்று பில் வந்தது. பணம் அனுப்பினோம். மாலையிலேயே மின்னஞ்சலும் வந்தது. ஆபிஸுக்கான பட்டியலில் எட்டு வரிகளிலும் ஒரே 25 எழுத்துக் கீ இருந்ததைக் கண்டு கேட்டதற்கு, "பிசினஸ் லைசன்ஸ் அப்படித்தான்க்கா வரும்" என்றார். விண்டோஸுக்கு அவருடைய 'டெக்னீஷியன்' தொலைவிலிருந்தே எங்கள் கணினிகளுக்குள் வந்து, வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லி, கறுப்புத் திரையில் சில வரிகளை ஒட்டிவிட்டுப் போனார். எட்டுக் கணினிகளிலும் 'ஆக்டிவேட் செய்யப்பட்டது' என்றே காட்டியது.

ஆகஸ்ட் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லை. செப்டம்பரில், மெட்ரிக் பிள்ளைகளின் டிரையல் தேர்வு (இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு) நெருங்கிய வாரத்தில், ஆக்சஸில் பயிற்சி செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, "மிஸ், டைப் ஆகவில்லை" என்றாள். திரையின் மேற்பகுதியில் சிவப்புப் பட்டை ஒன்று. அதற்குக் கீழே இருந்த பொத்தான்கள் அத்தனையும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. கோப்பு திறக்கிறது, படிக்கலாம், ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அந்த வகுப்பு முடிவதற்குள் மற்றக் கணினிகளிலும் அதே பட்டை வரத் தொடங்கியது. தேர்வுக்குப் பயிற்சி எடுக்க வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பாதி வகுப்பில் வீட்டுக்கு அனுப்பினேன்.

எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பியை அழைத்தோம். அந்த ஆபிஸ் கீ ஏதோ ஒரு நிறுவனத்துக்குப் பல கணினிகளில் பயன்படுத்துவதற்காகத் தரப்பட்ட தொகுதி உரிமக் கீ என்றும், கண்டவர்களுக்கெல்லாம் விற்கப்பட்டதால் அது முடக்கப்பட்டிருக்கும் என்றும் அவர் சொன்னார். பிறகு, "ஆன்ட்டி, விண்டோஸையும் பார்த்துவிடலாம்" என்று ஒரு கட்டளையைத் தட்டினார். சின்னப் பெட்டி ஒன்று திறந்து, இந்த ஆக்டிவேஷன் 2026 ஜனவரியில் காலாவதியாகும் என்று தேதியோடு காட்டியது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கே.எம்.எஸ். என்னும் முறை அது. பெரிய நிறுவனங்கள் தம் வளாகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்துக் கணினிகளை ஆக்டிவேட் செய்துகொள்வதற்காக ஏற்பட்டது. ஒவ்வொரு முறையும் 180 நாட்களுக்குத்தான் செல்லும், அதற்குள் அந்த சர்வரை மீண்டும் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். யாருடையது என்றே தெரியாத ஒரு சர்வரை நோக்கி எங்கள் எட்டுக் கணினிகளையும் திருப்பிவிட்டிருக்கிறார்கள். 'வாழ்நாள் உரிமம்' என்று விற்றது இதைத்தான். அந்த ஆபிஸ் 2021 உண்மையானதாகவே இருந்திருந்தாலும் அதற்கான ஆதரவு 2026 அக்டோபர் 13 வரைதான் என்பதையும் அவர் சொல்லவே இல்லை.

ஐரோப்பிய நீதிமன்றக் கதையையும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-இல் அப்படி ஒரு தீர்ப்பு வழங்கியது உண்மைதான். ஆனால் முதலில் வாங்கியவர் தம்மிடமுள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டுத்தான் விற்க வேண்டும், மொத்தமாக வாங்கிய உரிமத்தில் மிச்சத்தை மட்டும் பிரித்து விற்கக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தென்னாப்பிரிக்காவை அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

அதன் பிறகு அவர்கள் எங்களை அலைக்கழித்த விதம்தான் பணம் போனதைவிட அதிகமாக எரிகிறது. முதலில் ஒரு டிக்கெட் எண் கொடுத்து, 48 மணி நேரத்தில் தொழில்நுட்பக் குழு பேசும் என்றார்கள், யாரும் பேசவில்லை. நினைவூட்டியபோது மைக்ரோசாஃப்ட் பக்கம் சர்வரில் வேலை நடக்கிறது என்றார்கள். அடுத்து, நாங்கள் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினோமா, விண்டோஸை அழித்து மறுபடி போட்டோமா என்று குற்றவாளியை விசாரிப்பதுபோல் கேட்டார்கள். எதுவும் மாற்றவில்லை என்று படங்களோடு அனுப்பியதற்கு, ஒரு கணினிக்கு 350 ரேண்டு 'ரீஆக்டிவேஷன்' கட்டணம் செலுத்தினால் சரிசெய்து தருவதாகப் பதில் வந்தது. 18,400 ரேண்டை வாங்கிக்கொண்டு, வேலை செய்யாத பொருளுக்கு மேலும் 2,800 ரேண்டு கேட்கிறார்கள்! மறுத்ததும், மாற்றுக் கீ 30 நாட்களுக்குள் கேட்டால்தான் உண்டு என்று, வாங்கும்போது எங்கும் இல்லாத ஒரு விதியை எடுத்துக் காட்டினார்கள். என் எண்ணிலிருந்து போகும் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார்கள். என் கணவரின் எண்ணிலிருந்து அழைத்தபோது, முதல் மணியிலேயே அதே தமிழ்க் குரல் எடுத்தது. நான் யாரென்று சொன்ன அடுத்த நொடி அந்த மனிதர் ஆங்கிலத்துக்கு மாறி, டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டார். அக்கா என்று அழைத்தவர் அதற்குப் பிறகு அகப்படவே இல்லை. வாட்ஸ்அப்பில் அவருடைய படமும் மறைந்துவிட்டது.

பில்லை எங்கள் கணக்கரிடம் காட்டினோம். அவர் பார்த்த மாத்திரத்திலேயே வாட் எண்ணில் விரலை வைத்தார். இந்நாட்டில் வாட் பதிவு எண் பத்து இலக்கம் கொண்டது, 4-இல் தொடங்குவது. அந்தப் பில்லில் ஒன்பது இலக்கங்களே இருந்தன. பதிவு பெறாத ஒருவர் வாட் வசூலிப்பது சட்டப்படி குற்றம். ஆக, அந்த 18,400 ரேண்டில் 2,400 ரேண்டை அரசின் பெயரைச் சொல்லியே பறித்திருக்கிறார்கள். பில்லில் கண்ட முகவரியில் அந்தப் பெயரில் எந்த அலுவலகமும் இல்லை என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டோம்.

வங்கியில், நாமே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணத்தை அவர்களால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். கார்டில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவித்துத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருந்திருக்கும். கார்டுப் பகுதி எங்களுக்கு ஏன் பிழை காட்டியது என்பது இப்போது புரிகிறது. காவல் நிலையத்தில் இது உரிமையியல் வழக்கு என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். வற்புறுத்திய பிறகே வழக்கு எண் கொடுத்தார்கள். சிறு உரிமைக் கோரல் நீதிமன்றத்தின் வரம்பு 2019-இல் 20,000 ரேண்டாக உயர்த்தப்பட்டது, எங்கள் தொகை அதற்குள்தான் வருகிறது என்று நம்பிப் போனோம். ஆனால் அங்கே தனி மனிதர்தான் வழக்குத் தொடுக்க முடியும், கம்பெனி தொடுக்க முடியாது. எங்கள் மையம் கம்பெனியாகப் பதிவானது. பணமும் கம்பெனிக் கணக்கிலிருந்தே போயிருக்கிறது. அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

ஒன்று மட்டும் எங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, அதை எல்லோரும் அறிந்துகொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மென்பொருளையும் அதைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தையும் 'பொருள்' என்றே கணக்கிடுகிறது. குறையுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமை உண்டு. கடைக்காரர் எழுதிவைக்கும் 30 நாள் விதியால் அது அற்றுப்போகாது. சொத்தும் ஆண்டு வரவும் 20 லட்சம் ரேண்டுக்குக் குறைவாக உள்ள சிறு கம்பெனிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு, எங்களுக்கும் உண்டு. இந்த ஆறு மாதத்தையும் கே.எம்.எஸ்.ஸின் 180 நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஆபிஸ் முன்கூட்டியே கெட்டுப்போகாமல் இருந்திருந்தால், விண்டோஸ் அணையும் நேரத்தில் எங்கள் உரிமையும் முடிந்திருக்கும்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். நேரமும் இல்லை, மனமும் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். வாட் எண்ணை வருவாய்த் துறையின் இணையத் தேடலில் போட்டுப் பாருங்கள், கம்பெனிப் பதிவு எண்ணையும் சரிபாருங்கள். வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்பச் சொன்னால் வாங்காதீர்கள். பல கணினிகளுக்கு ஒரே கீ தந்தாலும், உங்களுக்கு அறிமுகமில்லாத ஒரு கல்லூரி அல்லது நிறுவனத்தின் பெயரில் பயனர் கணக்குத் தந்தாலும் அன்றே திருப்பிக் கேளுங்கள். வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்பவரைக் கணினிக்குள் விடாதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கட்டளைப் பெட்டியில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர்., ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்.பி.ஆர். என்று ஆங்கில எழுத்துகளில் புள்ளியில்லாமல் தட்டுங்கள். நிரந்தரம் என்று வராமல் ஒரு தேதி வந்தால் உங்களுக்கும் இதே கதைதான்.

நான்கு கணினிகளுக்கு மட்டும் இப்போது டீலரிடம் முறையாக உரிமம் வாங்கி, ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகளாக உட்கார வைத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிவிட்டது. 18,400 ரேண்டையும் முழுதாகக் கேட்டிருக்கிறோம். ஒன்பது இலக்க வாட் எண்ணோடு இதே மாதிரிப் பில் வேறு யாரிடமாவது இருந்தால் அதையும், பணம் செலுத்திய சான்றையும், வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்குத் தெரிவியுங்கள். உங்கள் வழக்கு எண்ணையும் எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.