சரிவில் களிமண்: கற்றாழையா, வெட்டிவேரா, அரளியா?

வெயில் கொளுத்தும் சரிவு, போதாக்குறைக்குக் களிமண். இதற்கு என்ன செடி வைக்கலாம் என்று கேட்டால், "கற்றாழை வையுங்கள், தண்ணீரே வேண்டாம்" என்பார்கள். பாதிதான் சரி. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துச் சின்ன வேர்களை அறுக்கும் அதே மண், நாலு நாள் மழையில் உப்பிக் காற்றுப் புகாத சேறாகிவிடும். வறட்சியைத் தாங்கினால் மட்டும் போதாது, அந்தச் சேற்றையும் தாங்க வேண்டும்.

சோற்றுக்கற்றாழை தோற்பது அங்கேதான். ஈரம் தங்கினால் அடித்தண்டு பழுத்துக் கொழகொழத்துப் போகும்; லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். வேரும் மேலாகவே ஓடுவதால் மண்ணைப் பிடித்து நிறுத்தாது. சரிவின் உச்சியில், கல் கலந்த இடத்தில் மட்டும் வைக்கலாம்.

என் ஓட்டு வெட்டிவேருக்கு. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். இளகிய மண்ணில் ஒரே ஆண்டில் 3 மீட்டர்கூடப் போகும். கெட்டிக் களியில் அவ்வளவு ஆழம் எதிர்பார்க்க வேண்டாம். வறட்சியும் பொறுக்கும், தேங்கிய நீரும் பொறுக்கும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் தூர்களை (வேரோடு பிரித்தெடுத்த துண்டுகளை) நட்டால், விறைப்பான தண்டுகள் ஓடிவரும் மண்ணை மறிக்கும். வரிசைக்குப் பின்னால் வண்டல் சேர்ந்து, நாளடைவில் ஒரு சின்னப் படியே உருவாகும். மேலிருந்து கீழாக வரிசை போட்டால் நட்டதே வீண், தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. குறைகளும் உண்டு: வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும், நிழலில் சோம்பிப்போகும். அழகு? புல்தான், வேறென்ன.

பார்க்க அதைப் போலவே இருக்கிறதே என்று எலுமிச்சைப்புல்லை வைக்காதீர்கள். அதன் வேர் அவ்வளவு ஆழம் போகாது, தேங்கிய நீரும் ஆகாது.

பூ வேண்டுமென்றால் போட்டி அரளிக்கும் காகிதப்பூவுக்கும். காகிதப்பூ தண்ணீர் குறையும்போதுதான் பூத்துக் குலுங்கும். கிளைகள் சரிவில் தொங்கி மண்ணை மூடும். ஆனால் வேர் நனைந்தே கிடந்தால் இலை மஞ்சளாகி உதிரும். எனவே மேல்பாதியில் காகிதப்பூ, நீர் வந்து நிற்கும் அடிவாரத்தில் அரளி. அரளி இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். வெட்டிய குச்சிகளை எரித்தால் புகையும் ஆகாது. குழந்தைகளோ ஆடுமாடுகளோ வரும் இடமென்றால் அரளியே வேண்டாம். நித்யகல்யாணி? களிமண் ஈரத்தில் வேரழுகல் வரும். அதற்கும் உச்சிதான் இடம்.

அப்புறம், களியை இளக்குகிறேன் என்று கொஞ்சம் மணலைக் கொட்டாதீர்கள், காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். குழியில் வெறும் தொழுவுரத்தை நிரப்பினால் மழைநீர் அதற்குள் தொட்டி போல நிற்கும். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, குழியின் வழவழப்பான பக்கங்களைக் கடப்பாரையால் கீறிவிட்டு, மேலே மட்டும் காய்ந்த இலை, வைக்கோல் என்று மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி நாலு விரல் இடம் விட்டு.