காலையில் இளநீரா, ஓஆர்எஸ்ஸா?

மே மாதத்தில் காலை நடை முடிந்து பனியன் நனைந்து வரும்போது கால் தானாக இளநீர் வண்டிப் பக்கம் போகும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் ஓரளவு ஈடாகும் (ருசி கெடும், அது வேறு விஷயம்).

ஓஆர்எஸ் (உடலில் நீர் வற்றும்போது குடிக்கத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) வேறு ரகம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் சோடியத்தைச் சட்டென்று உறிஞ்சும், தண்ணீரும் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்குக்கு இதுதான் சரி. தினமும் குடிக்க? எனக்கு இளநீரே போதும்.

சும்மா தூங்கி எழுந்தவருக்குப் பச்சைத் தண்ணீர் போதும். அப்புறம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தொட வேண்டாம்.