ஆறு வருட மணல் ஃபில்டர்: தண்ணீர் கலங்கினால் முதலில் வால்வைப் பாருங்கள்

வீட்டு நீச்சல் குளத்துக்கு மணல் ஃபில்டர் போடலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம்தான் சரியில்லை. ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வுக்குள் இருக்கும் ரப்பரை, அதாவது ஸ்பைடர் கேஸ்கெட்டை, மூன்றாவது தடவையாக மாற்றிய நாள் இது. கொஞ்சம் காரமாகத்தான் வரும்.

ஈ.சி.ஆர். பக்கம் என்னுடையது 40,000 லிட்டர் குளம், போர் தண்ணீர். 20 அங்குல ஃபில்டர், 85 கிலோ மணல், மணிக்குச் சுமார் 10,000 லிட்டர் ஓட்டம்.

மணலைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். லேசாக அழுக்கேறிய மணல்தான் நன்றாக வடிகட்டும். அப்போதுதான் கழுவிய மணல் நுண்தூசியை விட்டுவிடும். ஆகவே வாரம் தவறாமல் பேக்வாஷ் அடிப்பதே (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுவதே) கலங்கலுக்கு ஒரு காரணம். கேஜில் அழுத்தம் வழக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஏறட்டும். பிறகு வெளியேறும் தண்ணீரைக் காட்டும் சைட் கிளாஸ் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ், அரை நிமிடம் ரின்ஸ், அதாவது நேர் ஓட்டத்தில் அலசி வெளியே விடுவது. ரின்ஸை மறந்தால் டாங்கில் தங்கிய அழுக்கு புகைபோலக் குளத்தில் இறங்கும்.

எரிச்சல் அந்த வால்வுதான். உள்ளே வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒரு ரப்பர். அதில் ஒரு கால் எழும்பினால் போதும், பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கு மணலைத் தொடாமலே குளத்துக்குத் திரும்பிவிடும். பம்ப் எட்டு மணி நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும், தண்ணீர் மட்டும் அரிசி கழுநீராகவே இருக்கும். கடையில் கிளாரிஃபையரை, அதாவது தண்ணீரைத் தெளியவைக்கும் மருந்தை, நீட்டுவார்கள். பராமரிப்புக்கு வருகிறவர் மணலை மாற்றச் சொல்வார்.

மாற்றாதீர்கள். குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து இரண்டு சொட்டு ஆசிட் விடுங்கள். தெளிந்தால் அது சுண்ணாம்பு: போர் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்து, பிஎச் 8-ஐத் தாண்டிய வினை. இந்த அளவுக் குளத்தில் பிஎச்சை 8-லிருந்து 7.5-க்கு இறக்க மியூரியாடிக் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) ஏறக்குறைய அரை லிட்டர் பிடிக்கும். இரண்டு தவணையாக ஊற்றி, நடுவில் அளந்து பாருங்கள். டம்ளர் தெளியவில்லை, குளோரினும் சரியாக இருக்கிறது என்றால் கேஜுக்குப் போங்கள். மூன்று வாரமாகியும் முள் அசையவில்லையா? வால்வு ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே தண்ணீரை வெளியே கழிக்கும் வேஸ்ட் குழாய் சொட்டுகிறதா? கேஸ்கெட் போய்விட்டது.

மாற்றுவது ஒரு மணி நேர வேலை. பம்பை நிறுத்தி, குழாய் வால்வுகளை மூடி, அழுத்தத்தை இறக்குங்கள். மூடியிலும் உடலிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு. இல்லாவிட்டால் கைப்பிடி காட்டும் இடமும் உள்ளே இருக்கும் வழியும் வேறாகிவிடும். பழைய பசையைப் பள்ளத்திலிருந்து நகத்தில் நிரடாத அளவுக்குச் சுரண்டுங்கள். ஒரு மணல் துகள் கிடந்தாலும் புது ரப்பர் அந்த இடத்தில் தூக்கும். மூடியின் ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ்தான். வாசலின் ரப்பரை ஊத வைக்கும். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, அளவோடு முறுக்குங்கள்.

ரப்பர் ஏன் இப்படிச் சாகிறது? பம்ப் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்புவது முதல் குற்றம். இரண்டாவது, குளத்தின் மேல்தண்ணீரை உறிஞ்சும் ஸ்கிம்மருக்குள் டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை போடும் வழக்கம். பம்ப் நின்றிருக்கும் இரவில் அது கரைந்து, காலையில் முதல் மடக்காக அமிலமேறிய குளோரின் நீர் வால்வுக்குள் பாயும். மிதவையில் போட்டால் என்ன கெட்டுவிடும்?

வால்வு சரியான பிறகும் மிச்சமிருக்கும் கலங்கலுக்குப் படிகாரம். ஒன்றரைக் கிலோவை வாளியில் கரைத்து, பிஎச் 7.2-க்கும் 7.5-க்கும் நடுவில் வைத்து, சுற்றி ஊற்றுங்கள். மணலைத் தொடாமல் தண்ணீரைச் சுற்றவிடும் ரீசர்குலேட் நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பம்பை நிறுத்துங்கள். விடிந்ததும் தரையில் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலப் படிந்திருக்கும், ஆழத்திலுள்ள டைல் இடுக்கு வரை தெரியும். அந்தக் காட்சிக்காகவே இவ்வளவு பாடும் படலாம். வாக்குவத்தைத் தள்ளினால் கிளம்பிவிடும், மெதுவாக இழுங்கள். வால்வு வேஸ்டில் இருக்கட்டும். ஃபில்டரில் விட்டால் மணல் கட்டிதட்டும். வேஸ்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 10,000 லிட்டர் போய்விடும், கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர். அதனால் முந்தின நாளே விளிம்புவரை நிரப்பிக்கொண்டு இருபது நிமிடத்தில் முடியுங்கள். பிறகு ஆல்கலினிட்டியை (பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மையை) அளங்கள், இருந்ததிலிருந்து 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவுக்குக் குறைந்திருக்கும்.

ஆக, நல்ல ஃபில்டர். இன்று கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வாங்கியே தீருவதென்றால் கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் இரண்டு செட் சேர்த்து வாங்கி வையுங்கள். மாடலை நிறுத்திவிட்டால் ஒரு ரப்பருக்காக முழு வால்வையும் தலையில் கட்டுவார்கள்.