காகிதக் கவரா, சில்வர் பவுச்சா, மக்கும் பையா: காப்பித்தூளை எதில் கட்டுவது?

போன ஐப்பசி அடைமழையில் ஒரு அம்மா கடை வாசலில் குடையை மடக்கிவிட்டு, பையிலிருந்து எங்கள் பாக்கெட்டை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். 'டொக்' என்றது. காப்பித்தூள் பாக்கெட் அப்படிச் சத்தம் போடக் கூடாது. "தூள் கேட்டேன், கருப்பட்டி குடுத்திருக்கீங்களே தம்பி" என்றார். பிரித்துப் பார்த்தால் அரைக் கிலோவும் ஒரே கட்டி. வாங்கிப் போய்ப் பிரிக்காமல் வைத்திருந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

கும்பகோணத்தில் சின்ன அளவில் கொட்டை வறுத்து அரைத்து விற்கிறோம். அந்த மாதம்தான் 'நூறு சதவீதம் மக்கும்' என்று பச்சை இலை அச்சடித்த பைக்கு மாறியிருந்தோம். பை விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். மீதிப் பாதியை நானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்தத் தேடலில் கைக்கு வந்த ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் இந்த அலசல்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளலாம். வறுத்த காப்பிக்கு நாலு எதிரிகள்: காற்றில் இருக்கும் ஆக்சிஜன், ஈரம், வெளிச்சம், சூடு. கொட்டையாக வாரக்கணக்கில் தாங்குவது, அரைத்துவிட்டால் நாள்கணக்குக்கு வந்துவிடும். குளிர்தேசத்து ஆட்கள் எழுதியதைப் படித்தால் ஆக்சிஜனைத்தான் முதல் எதிரி என்பார்கள். டெல்டாவில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் உப்பு ஜாடியே கசிகிற ஊரில், ஈரம்தான் முதலில் வாசல் ஏறுகிறது.

இதில் சிக்கரிக்கு ஒரு பங்கு உண்டு. வறுத்த சிக்கரி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. சட்டப்படி காப்பி-சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் போட வேண்டும். காப்பி 80, சிக்கரி 20 என்ற 80-20 கலவை தாங்குகிற இடத்தில் 60-40 கட்டியாகிவிடும். அந்த அம்மா வாங்கியது 60-40. ஆகவே "காப்பிக்கு நல்ல பாக்கெட் எது" என்று பொதுவாகக் கேட்பதே தப்பு. எந்தக் கலவை, எந்த மாதம், அரைத்த நாளுக்கும் குடிக்கிற நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று மூன்றையும் கேட்ட பிறகுதான் பாக்கெட்டைப் பற்றிப் பேச்சு.

காகிதக் கவரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் அப்பா காலத்தில் அதுதான். காக்கிக் கவர், உள்ளே ஒரு பட்டர் பேப்பர், மேலே நூல். அரைத்த சூட்டோடு கட்டிக் கொடுத்தால் கையில் இளஞ்சூடு தெரியும், வீடு போய்ச் சேருவதற்குள் கவரில் எண்ணெய்ப் புள்ளிகள் அரும்பும். மன்னார்குடி பஸ்ஸில் யாராவது அப்படி ஒரு கவரோடு ஏறினால் வண்டி முழுக்க மணக்கும். அந்த மணத்தைச் சொல்லிச் சொல்லியே வாடிக்கையாளர்கள் காகிதக் கவரைக் கேட்கிறார்கள். உண்மை என்னவென்றால், பஸ்ஸில் மணந்த அளவு கவருக்குள் குறைந்துவிட்டது. காகிதம் காற்றையும் தடுக்காது, ஈரத்தையும் தடுக்காது. ஆனால் வாரத்துக்கு நூறு, இருநூறு கிராம் வாங்கி, போனதும் டப்பாவில் கொட்டிவிடுகிறவருக்கு அது போதும். அதன் வேலை கடையிலிருந்து அடுக்களை வரை மட்டும்தான். காலியான கவர் அடுப்பிலோ எருக்குழியிலோ முடிந்துவிடும். ஒன்று மட்டும்: பழைய நியூஸ் பேப்பரில் கட்டுவது கூடவே கூடாது. 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் விதிமுறைகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது. அச்சு மை தூளில் ஒட்டும்.

அடுத்து சில்வர் பவுச். காப்பியைக் காப்பாற்றுவதில் இதை அடிக்க ஆள் இல்லை. வெளியே பாலியஸ்டர் படலம், நடுவே அலுமினியத் தகடு, உள்ளே பாலிதீன் என்று மூன்றடுக்கு. வெளியடுக்கு அச்சுக்கும் உறுதிக்கும், நடுவடுக்கு காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் மறிக்க, உள்ளடுக்கு சூட்டில் ஒட்ட. ஆனால் கடையில் 'சில்வர்' என்று கேட்டால் இரண்டு வேறு சரக்குகளை ஒரே பெயரில் தருவார்கள். ஒன்று நிஜமான தகடு. இன்னொன்று, பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசியது. அந்தப் பூச்சு, தகட்டின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. இருட்டில் செல்போன் டார்ச்சைப் பைக்குள் விட்டுப் பாருங்கள். பூச்சுப் பையில் வெளிச்சம் மங்கலாகத் தெரியும், தகட்டுப் பையில் தெரியாது. கசக்கிப் பார்த்தாலும் பிடிபடும்: தகடு கசங்கியபடியே கிடக்கும், பூச்சு மெதுவாக விரிந்துகொள்ளும். இரண்டு, மூன்று வாரத்தில் தீரும் தூளுக்குப் பூச்சுப் பையே தாராளம். தகட்டை மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும் என்பதையும் பலர் நினைப்பதில்லை.

சில்வர் பவுச்சின் பாவம் அது காலியான பிறகு தொடங்குகிறது. ஒட்டிய மூன்று அடுக்கையும் பிரித்தெடுக்க நம் ஊரில் வழியில்லை. எடைக்கு எடுக்கிற தம்பியிடம் ஒரு மூட்டை நீட்டினேன். "சில்வர் கலரா இருந்தா தூக்கித் தனியா போட்டுடுவோம்ணே, அதுக்கு வெலை கெடையாது" என்றார். ஒழுங்காகச் சேகரமானால் அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். சேகரமாகாதது எங்கே போகிறது என்று பார்க்க ஜூன் மாதம் வாய்க்கால் மதகுக்கு வாருங்கள். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது, பூ தூவி வரவேற்க நிற்கிறவர்கள் முன்னால் முதலில் மிதந்து வருவது ஷாம்பு சாஷேவும் சிப்ஸ் கவரும் காப்பித்தூள் கவரும்தான். காவிரியும் குடகில் பிறக்கிறது, எங்கள் கொட்டையும் குடகிலிருந்து வருகிறது. அங்கிருந்து வந்த இரண்டையும் இந்தக் கவர் மதகில் சேர்த்து வைக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. மஞ்சப்பையோடு வந்து, அதற்குள் நாலு சில்வர் பவுச் வாங்கிப் போகிறோம். சிரிப்பதா என்ன செய்வதா தெரியவில்லை.

இனி, என்னைக் கவிழ்த்த மக்கும் பை. பெரும்பாலும் மக்காச்சோளம், கரும்பு மாதிரிப் பயிர்களின் மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து செய்யும் பி.எல்.ஏ என்கிற பிளாஸ்டிக்கோடு காகிதம் ஒட்டியது. இரண்டு கோளாறு. ஒன்று, நீராவியை அது பாலிதீனைவிட மிக அதிகமாக உள்ளே விடுகிறது. என் கருப்பட்டிக்குக் காரணம் அதுதான். பெங்களூர் ஏ.சி. கடையில் அதே பை தாங்கியிருக்கலாம், கும்பகோணத்து மழையில் தாங்கவில்லை. இரண்டு, 'மக்கும்' என்ற சொல்லுக்குப் பின்னால் நிபந்தனை இருக்கிறது. இவற்றைச் சோதிப்பது 58 டிகிரி சூடு நிலைத்து நிற்கும் தொழில்முறை உரக்கிடங்கின் நிலைமையில். நம் கொல்லைக் குப்பைக்குழி அந்தச் சூட்டில் நிலைத்து நிற்பதில்லை. அரசலாற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே விழுந்தால் மற்ற பிளாஸ்டிக்கைப் போலவே கிடக்கும். தப்பித்தவறி மறுசுழற்சிக் குவியலில் சேர்ந்தால் அதையும் கெடுக்கும். வாங்கத்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ 17088 தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்காதீர்கள்.

அதைவிட மோசம் வெறும் வேஷம் போடும் பை. வெளியே பழுப்புக் காகிதம், பார்த்தால் கிராமத்துக் களை. ஒன்றை வெட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் காகிதம் கூழாகிக் கையோடு வந்தது. அடியில் பளபளவென்று முழுசாக ஒரு சில்வர் படலம். காகிதக்காரரும் எடுக்கமாட்டார், பிளாஸ்டிக்காரரும் எடுக்கமாட்டார். சில்வர் பவுச்சாவது தன்னைச் சில்வர் என்று சொல்லிக்கொள்கிறது.

இப்போது ஒற்றைப் பொருள் பவுச் என்று ஒன்று வருகிறது. எல்லா அடுக்கும் பாலிதீன் குடும்பம், நடுவே ஆக்சிஜனைத் தடுக்க இ.வி.ஓ.எச் என்ற மெல்லிய படலம். கொள்கை அளவில் மறுசுழற்சிக்கு உகந்தது. இந்த இ.வி.ஓ.எச்சுக்கு ஒரு பலவீனம்: ஈரம் பட்டால் ஆக்சிஜனைத் தடுக்கும் சக்தி குறையும். நல்லவேளையாக இரண்டு பக்கமும் பாலிதீன் போர்த்தியிருப்பதால் ஒரேயடியாகச் சரிவதில்லை. ஆறு மாதம் அலமாரியில் நிற்க வேண்டிய சரக்குக்கு நான் இதை நம்பமாட்டேன். சென்னைக்குக் கூரியரில் போய் ஒரு மாதத்தில் தீர்கிற தூளுக்கு நம்புகிறேன். இதிலும் சில்வர் பூச்சு போட்டது கிடைக்கிறது, அதைத் தவிர்த்தேன். எடைக்கு எடுக்கிற தம்பி ஆய்வகம் வைத்தா பிரிக்கிறார்? கண்ணால்தான். சில்வராகத் தெரிந்தால் தனிக் குவியல்தான். அதனால் பால்வெள்ளை நிறத்தில் வாங்கி, வெளிச்சத்தைத் தடுக்க அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புகிறோம்.

வால்வு வைத்த பை வேண்டும் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். வறுத்த கொட்டை நாள்கணக்கில் கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பை தலையணை மாதிரி உப்பும். வாயு வெளியே போகலாம், காற்று உள்ளே வரக் கூடாது என்பதற்காக 1960-களில் இத்தாலியில் உருவானது இந்த ஒருவழி வால்வு. கொட்டைக்கு அது சரி. ஆனால் அரைக்கும்போதே வாயுவில் கணிசமான பகுதி போய்விடுகிறது. தூளை மூடிய டிரம்மில் சில மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு கட்டினால் வால்வுக்கு வேலை இல்லை. கொட்டையாக அனுப்பும் பார்சலுக்கு மட்டும் வால்வுப் பை வாங்குகிறோம். தூளுக்கு வைத்தால் அது சட்டைக்கு வெறும் அலங்காரப் பொத்தான், கூடவே ஒரு துண்டு பிளாஸ்டிக்.

பையைவிட முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன்: சீல். அரைத்த தூள் சும்மா இராது, பையின் வாயோரம் பறந்து ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே சூடு வைத்தால் ஒட்டியது போல் இருக்கும், ஒட்டியிருக்காது. வாயோரத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சீல் போடுங்கள். பத்துக்கு ஒன்றை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் அந்த வரிசையையே மறுபடி சீல் போட வேண்டும். ஓட்டைச் சீல் போட்ட விலையுயர்ந்த தகட்டுப் பையும் காகிதக் கவரும் ஒன்றுதான்.

கண்ணாடி பாட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்று, ஈரம் இரண்டும் ஏறாது, கழுவித் திருப்பி நிரப்பலாம், கோலி சோடா பாட்டில் திரும்பி வந்த ஊர்தானே இது. கனமும் உடைவும்தான் தொல்லை. உள்ளூரோடு சரி, கூரியருக்கு ஆகாது.

கடைசியாகச் சம்படம். எவர்சில்வர் சம்படமோ தகர டப்பாவோ, வெளிச்சம் புகாது, மூடி இறுக்கமாக இருந்தால் ஈரமும் அண்டாது, வருஷக்கணக்கில் உழைக்கும், ஓய்ந்துபோனால் எடைக்கு விலை போகும். இதில் வீட்டில் நடக்கும் தப்பு அளவில்தான். இரண்டு லிட்டர் டப்பாவின் அடியில் கால் பங்கு தூளை வைத்தால் மீதி முக்கால் பங்கும் காற்று. தூளோடு அந்தக் காற்றும் குடித்தனம் நடத்தும். சின்னதாக இரண்டு வையுங்கள்: ஒன்று தினமும் திறப்பது, இன்னொன்று தொடாமல் வைப்பது. ஈரக் கரண்டி போடாதீர்கள். பிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துத் திறக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் ஈரத்தைக் குளிர்ந்த தூளில் வேர்க்க விடுகிறார்கள். அதற்கு அலமாரியே மேல்.

சுற்றுச்சூழல் கணக்கு பார்க்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன். ஒரு டம்ளர் காப்பியின் பின்னால் தோட்டம், உரம், வறுவல், பால், கேஸ் எல்லாம் இருக்கிறது. அதில் கவரின் பங்கு சின்னது. அந்த அரைக் கிலோ கருப்பட்டியைக் குப்பையில் கொட்டியபோது நான் வீணாக்கியது, மிச்சம்பிடித்த பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு. அதனால் 'பச்சை' என்று பெயர் போட்ட பையைவிட, கெடாமல் காக்கும் பைக்கே என் ஓட்டு. அதற்கும் மேல் என் ஓட்டு பையே தேவைப்படாத வாடிக்கையாளருக்கு.

இப்போது கடையில் இப்படி நடக்கிறது. உள்ளூரில் வாரம் ஒருமுறை வருகிறவருக்குக் காகிதக் கவர். சம்படம் கொண்டுவந்தால் நேரே அதில் அளந்து, கவர் விலையைக் கழித்துக்கொள்கிறோம். கூரியருக்கு வெள்ளைப் பவுச், கொட்டைக்கு வால்வுப் பை. ஐப்பசி, கார்த்திகையில் 60-40 கேட்கிறவருக்கு இருநூறு கிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. "பணம் குடுக்கறேன், தூள் குடுக்கமாட்டேங்கறீங்களே" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

கருப்பட்டி அம்மாவும் அதில் ஒருவர். இப்போது அவர் மூடி கொஞ்சம் நசுங்கிய ஓர் எவர்சில்வர் சம்படத்தோடு வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். காலி எடையை ஒவ்வொரு தடவையும் போட வேண்டாம் என்று அடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம்: 182 கிராம். போன வாரம் தராசில் வைத்தால் 184 காட்டியது. "நல்லா தேச்சுக் கழுவுங்கம்மா" என்றேன். "பழைய தூள் ரெண்டு கிராம் இருக்கு, அதையும் எனக்கே வித்துடாதீங்க தம்பி" என்றார்.